வேட்டு இல்லாத கல்யாணம்

இரண்டு நாளாக மெபார்க்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கல்யாண வீட்டில் நின்றால் ஏரி நினைப்பு. ஏரிக்கரைக்குப் போனால், வீட்டில் யார் என்ன கிளப்பிவிடுகிறார்களோ என்ற கவலை. அடுப்படியிலிருந்து கரைக்கும் கரையிலிருந்து அடுப்படிக்குமாக அவள் நடந்த நடையைப் பார்த்துவிட்டு அம்மா, காலில் சக்கரமா கட்டியிருக்கிறாய் என்று சலித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் தம்பி தெர்ராஜிக்குக் கல்யாணம். வெள்ளிக்கிழமை விடியலில் உப்பேரியில் பூநாரைக் குஞ்சுகளுக்கு வளையம் போட வேண்டும். அப்பா இல்லாத வீட்டில் மூத்தவள் என்பதால் கல்யாணமும் அவள் தலையில். சரணாலயத்தில் பறவைக் கணக்கெடுப்புக்குப் பொறுப்பாளர் என்பதால் வளையமும் அவள் தலையில். இரண்டையும் ஏன் இப்படி அடுத்தடுத்து வைத்தாய் என்று கேட்காத ஆளில்லை. வைத்தது அவளா? கல்யாணத் தேதி வசந்தத்திலேயே முடிவானது. குஞ்சுகளோ தேதி கேட்டு வளர்வதில்லை. வளையம் போடும் அளவுக்குக் கால் நீள வேண்டும், அதே சமயம் பறக்கும் அளவுக்குச் சிறகு முளைத்துவிடக் கூடாது. கோடையில் அப்படி ஒரு வாரம்தான் கிடைக்கும். அந்த வாரத்தில் மாணவர்களும் சாரணர்களும் வரக்கூடிய நாள் வெள்ளி ஒன்றுதான்.

வேலை என்னவோ பார்க்கச் சுலபம்தான். பறக்கத் தெரியாத சாம்பல் நிறக் குஞ்சுகள் ஆட்டு மந்தை மாதிரி ஒன்றாக அடைந்து கிடக்கும். வெளிச்சம் வரும் முன் ஆட்கள் சுற்றி வளைத்து, கையெட்டும் தூரத்துக்கு ஒருவராக நின்று, வாயைத் திறக்காமல் மெல்ல மெல்ல நெருங்கி அவற்றைப் பட்டிக்குள் ஓட்ட வேண்டும். பிறகு ஒவ்வொன்றின் காலிலும் எண் எழுதிய வளையத்தைப் போட்டு, வெயில் ஏறும் முன் திரும்பத் தண்ணீரில் விட வேண்டும். பிற்பாடு அது எந்த நாட்டு ஏரியில் போய் நின்றாலும், இது நம் கராவில் பிறந்தது என்று தெரிந்துகொள்ளலாம். கரா என்றுதான் அந்த உப்பேரியை ஊரில் சொல்வார்கள்.

ஆனால் மந்தை மிரண்டதோ, போச்சு. இரண்டு வருஷத்துக்கு முன் மோட்டார் சைக்கிள் கும்பல் ஒன்று கரையோரம் பந்தயம் விட்டது. குஞ்சுகள் மிரண்டு, தண்ணீரை விட்டுக் காய்ந்த உப்பு வெளியில் ஓடின. ஈரக் காலில் உப்பு ஒட்டிக் காய்ந்து கல்லாக இறுகி, தண்டை போட்ட மாதிரி ஆகிவிட்டது. நடக்க முடியாமல் உட்கார்ந்தவற்றை நரி தின்றது பாதி, வெயில் தின்றது பாதி. செத்தவற்றை மெபார்க்கா தீவனச் சாக்குகளில் அள்ளினாள். போன வருஷம் பூநாரைகள் முட்டையிடவே வரவில்லை. இந்த வருஷம் வந்திருக்கின்றன. வந்தவை, தண்ணீர் மிச்சமிருந்த தென்கரையைப் பார்த்துத் தங்கிவிட்டன. தென்கரையில் இருப்பது ஒரே ஒரு வீடு, மெபார்க்காவின் வீடு.

அந்த வீட்டில் கல்யாணம் என்றால் வேட்டு உண்டு. மணப்பெண்ணின் கார் ஏரிக்கரைத் திருப்பத்தில் தெரிந்ததுமே, வெள்ளை அங்கி போட்ட ஆண்கள் வரிசையாக நின்று, கருமருந்து நிரப்பிய நீளத் துப்பாக்கிகளை ஒரே நேரத்தில் தரையைப் பார்த்துச் சுடுவார்கள். பூமி அதிரும். பெண்கள் குலவையிடுவார்கள். பெல்காஸெம் சித்தப்பாதான் அந்தக் குழுவுக்குத் தலைவர். சுற்றுவட்டாரத்தில் அவர் வேட்டு இல்லாமல் ஒரு மணப்பெண்ணும் வாசற்படி மிதித்ததில்லை.

அவரிடம் போய்த்தான், வேட்டு வேண்டாம் என்று மெபார்க்கா கேட்டாள்.

பெல்காஸெம் முதலில் காது கேட்காதவர் மாதிரி இருந்தார். பிறகு சிரித்தார். பிறகு கோபம் வந்துவிட்டது. ஊரான் பிள்ளைக்கெல்லாம் சுட்டுவிட்டு, செத்துப்போன அண்ணன் மகனுக்கு நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா, என் குழுவில் ஒருத்தன் முகத்திலாவது நான் விழிக்க முடியுமா என்று குதித்தார். மெபார்க்கா அந்தத் தீவனச் சாக்குகளை நினைவுபடுத்தினாள். அன்று அவரும்தான் கூட வந்து தூக்கினார். கிழவர் அடங்கினார். ரொட்டியின் மேல் கை வைத்து, சுடுவதில்லை என்று சத்தியம் செய்தார்.

"சத்தியம் பண்ணியாச்சு. ஆனா ஒண்ணு. உன் தம்பிக்குக் கல்யாணமா கருமாதியானு எவனாவது கேட்டா, பதில் நீதான் சொல்லணும்," என்றார்.

அம்மா அதன்பிறகு அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அத்தைகளோ பேசித் தீர்த்தார்கள். ஊர்ப் பறவைக்கெல்லாம் வளையம் போட்டவள், தனக்கு ஒரு மோதிரம் போட ஆள் தேடவில்லை, தம்பிக்கும் நடக்கக் கூடாது என்று நினைக்கிறாள் போலிருக்கிறது என்று ஒருத்தி கோதுமை புடைத்தபடி சொன்னாள், அவள் காதில் விழட்டும் என்றே. மெபார்க்காவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பொறுத்துக்கொண்டாள்.

தெர்ராஜிதான் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. சின்ன வயதிலிருந்து அக்கா கிழித்த கோட்டைத் தாண்டாதவன். "விடுக்கா, வெடிச்சாத்தான் கல்யாணமா," என்றான். சொன்னவன் அன்று ராத்திரிச் சோற்றைத் தொடவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். நுவாராவிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டாள். நுவாராதான் மணப்பெண். மலைக்கு அந்தப் பக்கத்து ஊர். போனில் சொன்னதாகவும், அவள் சிரித்துக்கொண்டே, குஞ்சுகள் தூங்கட்டும் என்றதாகவும் சொன்னான். மெபார்க்காவுக்குப் பாரம் இறங்கியது. பெண் வீட்டுக்குத் தகவல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. படித்தவள், வேலை பார்ப்பவள், எத்தனையோ விஷயத்தில் சூட்டிகை. இதில் கோட்டை விட்டாள். நம் பக்கத்தில் எந்தப் பெண் தன் கல்யாணத்தைப் பற்றித் தானே அண்ணன்களிடம் வாய் திறப்பாள்? மாப்பிள்ளை போனில் பேசினான், வேட்டு வேண்டாமாம் என்று அண்ணன் முகத்தைப் பார்த்து ஒருத்தி சொல்ல முடியுமா? நாக்கு எழுமா? நுவாராவிடம் சொன்னது நுவாராவோடு நின்றது. மெபார்க்காவும் இதே மண்ணில் ஆண்களோடு வளர்ந்தவள்தான். இது அவளுக்குத் தெரியாத வழக்கமில்லை. அந்த நேரத்தில் மண்டையில் குஞ்சுகள்தான் இருந்தன, வேறெதுவும் இல்லை.

வியாழன் சாயங்காலத் தொழுகை முடிந்த கையோடு கார்கள் திருப்பத்தில் தெரிந்தன. மிஸூம் என்ற சரணாலயக் காவலன் கரையில் தொலைநோக்கியோடு நின்று, குஞ்சுகள் அமைதியாக இருப்பதாகக் கையைக் காட்டினான். ஹாரன் அடிக்காமல் வரச் சொல்லி டிரைவர்களிடம் முன்பே சொல்லியிருந்தது. வாசலில் பெல்காஸெமின் ஆட்கள் வெள்ளை அங்கியில், வெறுங்கையோடு நின்றார்கள். பெண்கள் குலவையைக்கூடத் தொண்டைக்குள் அடக்கிக்கொண்டார்கள். கல்யாண வீட்டில் காற்றுச் சத்தம் கேட்டது.

முதல் கார் வாசலுக்கு வரவில்லை. சற்றுத் தள்ளியே நின்றது. பின்னால் வந்தவையும் நின்றன.

முதல் காரிலிருந்து நுவாராவின் மூத்த அண்ணன் லஸ்ஹர் இறங்கினான். நல்ல உயரம், கல்யாணத்துக்கென்று எடுத்த கோட்டு. கதவைச் சாத்தாமல் நடந்து வந்தான். பெல்காஸெமின் ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். அவர்கள் கையைப் பார்த்தான். முகம் கறுத்தது.

மெபார்க்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. உச்சந்தலையில் அடித்த மாதிரி உறைத்தது. வேட்டு போடாமல் வீட்டுக்கு அழைக்கப்படும் பெண் எப்படிப்பட்டவள்? முன்பே ஒரு வீட்டில் வாழ்ந்து திரும்பியவள். இரண்டாம் தாரமாக வருபவள். அல்லது, ஊர் வாயில் விழுந்தவள். கன்னிப் பெண்ணுக்கு வேட்டு போடாவிட்டால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது. அந்த அர்த்தத்தை அவள் இத்தனை பேர் நடுவில் நுவாராவின் தலையில் வைத்திருந்தாள்.

"பெரியவரே," என்று லஸ்ஹர் பெல்காஸெமிடம் கேட்டான். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "எங்க தங்கச்சியப் பத்தி நீங்க என்ன கேள்விப்பட்டீங்க?"

பெல்காஸெம் மெபார்க்காவைத் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளை தெர்ராஜி அங்கியைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றான். பெண் உள்ளே வரும்வரை அவன் பேசக் கூடாது. மெபார்க்கா முன்னால் வந்து, பறவைகள், குஞ்சுகள், நாளைக்கு வளையம் என்று அவசர அவசரமாகச் சொல்ல ஆரம்பித்தாள். தனக்கே கேட்கச் சகிக்கவில்லை. பெண் வீட்டார் பின்னால் கூடி நின்று கேட்டார்கள். ஒருவன் சிரித்துவிட்டான். பறவையைக் காரணம் சொல்கிறார்கள் பார் என்றான்.

"நல்ல காரணமா யோசிச்சு வெச்சுச் சொல்லியிருக்கலாம்," என்றான் லஸ்ஹர். "நாங்க வண்டியைத் திருப்புறோம்."

மெபார்க்கா காரைப் பார்த்தாள். பின்சீட்டில் தன் அப்பாவின் வெள்ளை அங்கிக்குள் தலை முதல் கால் வரை மூடி நுவாரா உட்கார்ந்திருந்தாள். முகம் தெரியவில்லை. மடியில் ஒரு கை மட்டும் வெளியே இருந்தது. மருதாணி கறுத்துச் சிவந்த கை. அங்கியின் ஓரத்தை அது கசக்கிக்கொண்டிருந்தது. நிறுத்தவே இல்லை.

பிறகு ஏரியைப் பார்த்தாள். தண்ணீரோரம் சாம்பல் திட்டாகக் குஞ்சுகள். சுற்றிலும் வெள்ளையும் சிவப்புமாகப் பெரியவை, தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டு. இரண்டு வருஷமாக இந்த ஒரு காட்சிக்காகத்தான் அவள் தலைநகரத்து அலுவலகப் படிகளில் ஏறி இறங்கினாள். இந்தத் தடவையும் மந்தை சிதறினால் அடுத்த வருஷம் அவளை யாரும் நம்பப் போவதில்லை. அதுகூடப் பெரிதில்லை. பூநாரைகள் நம்பப் போவதில்லை.

எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"சித்தப்பா," என்றாள். "துப்பாக்கிய எடுங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. ரொட்டி மேல சத்தியம் வாங்கினவ நீ."

"நானே திருப்பித் தரேன். உங்களுக்குப் பாவமில்ல. எல்லாத்தையும் போடுங்க, சித்தப்பா. எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணுக்கு ஒண்ணுகூடக் குறையக் கூடாது."

துப்பாக்கிகள் உள்ளறையில் கம்பளிக்குள் சுற்றித் தயாராகவே இருந்தன. கருமருந்தும் இடித்து நிரப்பியிருந்தது. கிழவருக்கு நம்பிக்கை போகவில்லை போலும்! வரிசை நின்றது. லஸ்ஹர் காருக்குத் திரும்பிப் போய்த் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தான். கார் நகர்ந்தது. பெல்காஸெம் கையை இறக்கினார்.

அப்படி ஒரு வேட்டு அந்தக் கரையில் அதற்கு முன் கேட்டதில்லை என்று பிறகு சொன்னார்கள். அடக்கி வைத்த குலவையெல்லாம் ஒன்றாகக் கிளம்பியது. புகைக்குள் நுவாரா இறங்கி, வழக்கப்படி வாசற்படியில் வெண்ணெய் தடவி, உள்ளே போனாள். மெபார்க்கா அதைப் பார்க்கவில்லை. அவள் ஏரிப் பக்கம் திரும்பி நின்றாள். பூநாரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. வானம் சிவந்தது. கீழே பறக்கத் தெரியாத சாம்பல் கூட்டம் ஒரு தடவை சுழன்று, மேற்கே, காய்ந்த உப்பு வெளியைப் பார்த்து ஓட ஆரம்பித்தது. மிஸூம் தொலைநோக்கியை விட்டுவிட்டுக் கையைத் தலையில் வைத்துக்கொண்டான்.

மெபார்க்கா அழுதாள். தம்பி கல்யாணம், சந்தோஷத்தில் அழுகிறாள் என்று அதே அத்தை வந்து கட்டிக்கொண்டாள்.

விருந்தில் அவள் தொண்டையில் ஒன்றும் இறங்கவில்லை. இருட்டில் தேடிப் போனால் குஞ்சுகள் இன்னும் சிதறும் என்பதால் விடியலுக்காகப் படுத்தாள், எழுந்தாள், மறுபடி படுத்தாள். விடியலில் மாணவர்களும் சாரணர்களும் வந்து சேர்ந்தபோது தென்கரையின் கிழக்கு ஓரத்தில் போட்ட பட்டி காலியாக நின்றது. யார் சொன்னார்களோ, தலைநகரத்திலிருந்து பெரிய அதிகாரி போனில் கூப்பிட்டு, வேலையை ரத்து செய்துவிட்டு ஆட்களைத் திருப்பி அனுப்பு, நடந்ததற்கு விளக்கம் எழுது என்றார். எழுதுகிறேன் ஐயா என்று சொல்லிவிட்டு மெபார்க்கா போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். வளையப் பெட்டியைத் திறக்கவே இல்லை. எல்லோரையும் கூட்டிக்கொண்டு மேற்கே நடந்தாள்.

நினைத்தபடியேதான் இருந்தது. உப்பு வெளியில் அங்கங்கே குஞ்சுகள் கும்பல் கும்பலாக நின்றன, பல உட்கார்ந்துவிட்டன. கால் முட்டிவரை உப்பு இறுகியிருந்தது. நரித் தடம் தெரிந்தது. சில இடத்தில் வெறும் இறகு கிடந்தது. சுற்றி நின்று நரியைத் தடுக்க ஆள் வேண்டும், நடக்க முடிந்தவற்றைத் தண்ணீருக்கு ஓட்ட ஆள் வேண்டும், உட்கார்ந்துவிட்டவற்றின் உப்பை உடைக்க ஆள் வேண்டும். வந்தவர்கள் எதற்கும் போதவில்லை. வெயிலோ ஏறிக்கொண்டிருந்தது. மெபார்க்கா ஒரு குஞ்சை மடியில் வைத்து, வளையம் இறுக்கும் குறடால் உப்பைத் தட்டினாள். எங்கே காலையே உடைத்துவிடுவோமோ என்று பயந்தாள். இப்படி ஒவ்வொன்றாக எப்போது முடிப்பது?

அப்போது மிஸூம், திரும்பிப் பாரு என்றான்.

வீட்டுப் பக்கமிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் பெல்காஸெம். பின்னால் நேற்றுச் சுட்டவர்கள், தூங்கியும் தூங்காமலும், சட்டையைத் தாறுமாறாக மாட்டிக்கொண்டு. அவர்களோடு லஸ்ஹர், அவனுடைய நல்ல கோட்டை எங்கோ கழற்றிப் போட்டுவிட்டு, பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு. மாப்பிள்ளை தெர்ராஜி. அவன் பக்கத்தில், தலையில் துண்டைக் கட்டி, மாமியாரின் மசாலா இடிக்கும் சின்னப் பித்தளை உலக்கையைக் கையில் பிடித்தபடி நுவாரா.

மெபார்க்கா திகைத்துப்போனாள். புதுப்பெண் ஏழு நாள் வாசல் தாண்டக் கூடாது. வீட்டில் அம்மா என்ன சொன்னாளோ, அத்தைகள் என்ன சொன்னார்களோ.

"நீ ஏம்மா வந்த? ஊர் என்ன பேசும்?"

நுவாரா ஏற்கெனவே தரையில் உட்கார்ந்து ஒரு குஞ்சை எடுத்துக் கால்களை விரல்களுக்கிடையில் கோத்துக்கொண்டிருந்தாள். ஆடு வளர்த்த கை, பிடி தெரிந்த கை. உலக்கையின் தலையால் பட்டும் படாமலும் ஒரு தட்டு. உப்பு இரண்டாகப் பிளந்து விழுந்தது.

"எனக்காகப் போட்ட வேட்டுதானே, அண்ணி," என்றாள் நிமிராமலே. "அண்ணன்கிட்ட சொல்ல வாய் வரல எனக்கு. மலை இறங்கி வர்ற வழியெல்லாம் சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன். பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தான்."

லஸ்ஹர் காதில் அது விழுந்தது. அவன் போய் நரித் தடத்தின் பக்கம், வரிசையின் கடைசியில் நின்றுகொண்டான்.

நண்பகல்வரை அந்த வேலை நடந்தது. வாயைத் திறக்கக் கூடாது என்ற விதியைப் பெல்காஸெமின் ஆட்கள் ஆயுளில் முதல் முறையாகக் காப்பாற்றினார்கள். உப்பை உடைத்து விட்ட குஞ்சு முதலில் நிற்கும், பிறகு காலைத் தூக்கிப் பார்க்கும், கனமில்லை என்று தெரிந்ததும் ஓடும். ஓடினவற்றை வரிசை மெல்லத் தண்ணீருக்குத் திருப்பியது. எல்லாம் பிழைக்கவில்லை. பிழைக்காதவற்றைத் தெர்ராஜி அங்கியில் அள்ளினான், அவனுடைய கல்யாண அங்கி. வளையம் போட வந்த நாளில் காலிலிருந்து வளையம் வளையமாக உப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பினார்கள். பெரிய பறவைகள் தண்ணீருக்கு மேல் வட்டமடித்து ஒன்றிரண்டாக இறங்க ஆரம்பித்தன. அடுத்த வருஷம் வருமா என்று லஸ்ஹர் கேட்டான். தெரியாது என்றாள் மெபார்க்கா. பொய் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

வீட்டு வாசலில் அம்மா நின்றாள். யாரையும் திட்டவில்லை. நுவாராவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். உப்பு தின்று, நேற்றைய மருதாணி வெளுத்துப்போயிருந்தது. ஏழு நாளைக்குள் மருதாணி வெளுத்தால் ஆகாது என்பார்கள். அம்மாவின் முகம் வாடியது.

"கையக் கொண்டாம்மா, நான் மறுபடி வெச்சுவிடுறேன்," என்றாள் மெபார்க்கா.

கல்யாணத்தில் அவள் மருதாணி வைத்துக்கொள்ளவில்லை. விரல் வழுக்கும், குறடு பிடிக்க முடியாது என்று சொல்லித் தட்டிக்கழித்திருந்தாள். இப்போது கிண்ணத்தில் தானே குழைத்து, முற்றத்தில் நுவாராவின் எதிரே உட்கார்ந்து, அந்தக் கையைத் தன் முழங்காலில் வைத்துத் தடவினாள். மன்னித்துவிடு என்று சொல்லியும்விட்டாள், நேராக, முகத்தைப் பார்த்து. நுவாரா மற்றக் கையை நீட்டினாள். இரண்டு நாளில் முதல் முறையாக மெபார்க்காவின் கால்கள் ஒரே இடத்தில் இருந்தன.

அந்த நேரம் பார்த்து வடகரையிலிருந்து மத்தளச் சத்தம் மெல்ல மிதந்து வந்தது. வேறொரு வீட்டில் கல்யாண வேலை தொடங்கிவிட்டது. நுவாராவின் விரல்கள் மெபார்க்காவின் கையை இறுக்கின. மெபார்க்கா ஈர மருதாணியோடு பாதி எழுந்துவிட்டாள்.

"நீ உட்காரு," என்றார் பெல்காஸெம். அவர் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "நான் போறேன். வேட்டு வேணாம்னு மாப்பிள்ளை வீட்ல சொல்லிட்டு, பொண்ணு வீட்டுக்கும் நானே நேர்ல போய்ச் சொல்லிட்டு வரேன்."